முழங்காலில் தெரியும் இடுப்பு நோய்

பெர்தஸ் நோய் என்பது வளரும் குழந்தையின் இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு, அந்தத் தலை உயிரிழந்து, சிதைந்து, பின்னர் புது எலும்பாக வளர்ந்து மீண்டும் உறுதிபெறும் ஒரு நீண்ட நோயாகும். பெரும்பாலும் 4 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில் தொடங்கும் இந்நோய், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு மிகுதியாக வருகிறது; நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இரண்டு இடுப்பிலும் வருகிறது. இது உயிருக்கு ஆபத்தானதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனால் தொடங்கியதிலிருந்து எலும்பு கூடி முடிவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆவதால், ஒரு குழந்தையின் பள்ளிப் பருவத்தில் பெரும்பகுதியையும் ஒரு குடும்பத்தின் அன்றாட ஓட்டத்தையும் அது தன் பிடிக்குள் எடுத்துக்கொள்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு மிகப் பெரிய சுமையாவது, எல்லாரும் அஞ்சும் அறுவைச் சிகிச்சையைவிட, அதற்கு முன்னர் நோய் இன்னதென்று தெரியாமல் கழியும் மாதங்களும், அதற்குப் பின்னர் என்ன நடக்கிறதென்று புரியாமல் காத்திருக்கும் ஆண்டுகளுமே ஆகும். அந்தக் காலத்தைப் பற்றிய விளக்கம் குடும்பத்துக்குக் கிடைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நோயின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆர்தர் லெக், பிரான்சில் ஜாக் கால்வே, ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் கியார்க் பெர்தஸ் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சாராமல் இந்நோயை விவரித்து எழுதியதால், மருத்துவ நூல்கள் இதனை லெக்–கால்வே–பெர்தஸ் நோய் என்று முப்பெயரால் குறிக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டிலேயே சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்னிங் வால்டன்ஸ்ட்ரோம் இதைக் கண்டு எழுதியிருந்தாலும், காசநோயின் ஒரு மென்மையான வகை என்று அவர் கருதிவிட்டார். அந்த மயக்கம் அவருக்கு மட்டும் ஏற்பட்டதில்லை. 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படும்வரை, இடுப்பு வலித்து நொண்டிய குழந்தைகளில் பலர் காசநோயாளிகளாகவே கருதப்பட்டனர்; எலும்பின் உட்புறத்தைப் படமாகப் பார்க்க முடிந்த பிறகுதான், சீழ் வைக்காமல், மூட்டை அரித்துவிடாமல், தானாகவே ஆறிவிடும் இந்த நோய் தனியானது என்பது தெளிவாயிற்று. காசநோய் இன்னும் பரவலாக உள்ள தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு இன்றைக்கும் முக்கியமானது. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வலியால் அலறி எழுதல், இரத்தத்தில் இ.எஸ்.ஆர். எனப்படும் அளவு உயர்ந்திருத்தல் ஆகியவை காசநோயின் பக்கம் சுட்டுகின்றன. பெர்தஸ் குழந்தையோ காய்ச்சலின்றி, பசி குறையாமல், காலைத் தாங்கியபடியே ஓடியாடிக்கொண்டிருக்கும்.

இந்த வயதுக் குழந்தைகளையே இது ஏன் தாக்குகிறது என்பதற்கு உடற்கூறு ஓரளவு விடை தருகிறது. இடுப்பு மூட்டு என்பது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியும், அதற்குள் சுழலும் தொடை எலும்பின் தலையும் சேர்ந்தது. வளரும் குழந்தையின் தொடை எலும்பில், தலைக்கும் கழுத்துக்கும் நடுவே வளர்ச்சித்தட்டு எனப்படும் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருப்பதால், கீழிருந்து வரும் இரத்தக் குழாய்கள் அதைத் தாண்டித் தலைக்குள் நுழைவதில்லை. ஏறத்தாழ 4 முதல் 8 வயது வரை, தலையின் பெரும்பகுதி எலும்பின் கழுத்தைச் சுற்றி ஏறிவரும் சில மெல்லிய குழாய்களையே நம்பியிருக்கிறது. அவை அடைபட்டால் மாற்று வழி இல்லை. அடைப்பு எதனால் நேர்கிறது என்பதற்கு மட்டும் நூறாண்டுகளுக்குப் பின்னரும் உறுதியான விடை கிடைக்கவில்லை. வயதுக்கேற்ற எலும்பு முதிர்ச்சி இல்லாமை, புகைபிடிப்போர் உள்ள வீட்டில் வளர்தல், வறுமை ஆகியவற்றோடு நோய்க்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஆனால் தொடர்பு இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு.

இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாருக்கு, குறிப்பாகத் தாய்க்கு, வெளிப்படையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஒரு குறை என்றதும் முதலில் விசாரிக்கப்படுபவள் அவள்தான்: வயிற்றில் இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாயா, பால் கொடுக்காமல் விட்டாயா, கீழே விழுந்தபோது எங்கே போயிருந்தாய் என்று கேள்விகள் அவள் பக்கமே திரும்புகின்றன. உறவில் முடித்த திருமணமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. கிரகணத்தினாலும், தாய்ப்பால் குறைவினாலும், திண்ணையிலிருந்து ஒருமுறை விழுந்ததனாலும் பெர்தஸ் நோய் வருவதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் இது வழிவழியாகவும் வருவதில்லை. மருத்துவர் தாயை மட்டுமன்றி மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து இதைச் சொல்வாரேயானால், அதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம் எந்த மாத்திரையைவிடவும் பயனுள்ளது.

இந்நோய் எவ்வளவு அரியது என்பது இடத்துக்கு இடம் வியப்பூட்டும் அளவுக்கு மாறுகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 0.2 முதல் 19.1 வரை புதிதாக நோய் காணப்படுவதாகவும், நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லும் ஒவ்வொரு 10 பாகைக்கும் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 1.4 மடங்காக உயர்வதாகவும் காட்டியது. வட ஐரோப்பாவில் மிகுதி, வெப்பநாடுகளில் குறைவு என்னும் இந்தப் பொதுப்போக்கின்படி, சுமார் 12 பாகை வடக்கில் உள்ள விழுப்புரத்தில் நோய் அரிதாகவே இருக்கவேண்டும். ஆனால் தென்னிந்தியாவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய குழந்தைகள் எலும்பு மருத்துவர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து செய்த ஆய்வுகள், மேற்குக் கடற்கரைச் சமவெளியில் இந்நோய் சுற்றுப்புறப் பகுதிகளைவிடக் கூடுதலாகக் காணப்படுவதையும், இந்தியக் குழந்தைகளுக்கு மேலைநாட்டுக் குழந்தைகளைவிடச் சற்றுப் பிந்திய வயதில் தொடங்குவதையும் எடுத்துக்காட்டின. வயது என்பது இந்நோயில் வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. இளவயதில் தொடங்கினால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள வளர்ச்சிக்காலம் நிறைய மிஞ்சியிருக்கும். எட்டு வயதுக்குப் பின் தொடங்கினால் அந்த அவகாசம் சுருங்கிவிடும். ஆகவே பிந்தித் தொடங்கும் நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பது இருமடங்கு இழப்பாகும்.

பிந்திக் கண்டுபிடிப்பதற்கு முதற்காரணம் முழங்கால். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலின் உட்புறத்துக்கும் உணர்ச்சி தரும் நரம்பில் ஒரு கிளை பொதுவாக இருப்பதால், இடுப்பில் தோன்றும் வலியைக் குழந்தை முழங்காலிலோ தொடையிலோ காட்டுகிறது. முழங்காலைத் தொட்டுப் பார்த்தால் வீக்கமில்லை, சூடில்லை. எக்ஸ்ரே எடுத்தாலும் முழங்கால் நன்றாக இருக்கிறது. வளர்ச்சி வலி என்றோ, விளையாட்டில் அடிபட்டது என்றோ, சுளுக்கு என்றோ முடிவாகி, தைலம் தேய்ப்பதும், சுளுக்கு எடுப்பவரிடம் நீவிவிடுவதும், புத்தூர் கட்டுப் போட்டுப் பார்ப்பதும் தொடர்கின்றன. இடையில் வலி தானாகக் குறைவதும் உண்டு. எதைச் செய்தபோது குறைந்ததோ அதற்கே புகழ் போகிறது. இந்த வழிகளை நாடும் பெற்றோரைக் குறைசொல்ல எதுவுமில்லை. கைக்கெட்டிய இடத்தில் தெரிந்தவரிடம் போவது எவருக்கும் இயல்பு. பெயரில்லாத பொட்டலங்களில் தரப்படும் வலி மருந்துகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், வலி உடனே அடங்குவதுபோல் தோன்றினாலும், நெடுநாள் எடுக்கும்போது அந்த மருந்தே எலும்புத் தலையின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியது.

நோயைச் சந்தேகிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குழந்தையைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, இரு முழங்கால்களையும் செங்குத்தாக மடக்கி, பாதங்களை வெளிப்பக்கமாகச் சாயவிட்டால், நல்ல காலின் பாதம் தாராளமாகச் சாயும். நோயுள்ள பக்கத்துப் பாதமோ பாதியிலேயே நின்றுவிடும், மேலும் அழுத்தினால் குழந்தை இடுப்பைத் தூக்கும். இடுப்பு உட்புறமாகத் திரும்புவது குறைந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். காலை அகட்டுவதும் அவ்வாறே குறையும். வீட்டில் இதைவிட எளிதாகக் கண்ணில் படுவது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காரும் விதம்: அதுவரை சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளை ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்காரத் தொடங்குவான், ஒரு முழங்கால் மற்றதைவிட உயரத் தூக்கி நிற்கும். ஒருபக்கத் தொடை சற்று மெலிந்திருப்பதைக் குளிப்பாட்டும் பாட்டி கவனித்துச் சொல்லியிருப்பாள். ‘தாங்கித் தாங்கி நடக்கிறான்’ என்று ஊரில் சொல்லப்படும் நடை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். நேராக ஒன்றும், கால்களைத் தவளையைப்போல் அகட்டிவைத்து ஒன்றுமாக இரண்டு படங்கள் தேவை. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதால், ஒரு படம் நன்றாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல், நொண்டல் தொடர்ந்தால் மீண்டும் எடுப்பதோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்ப்பதோ முறையாகும்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அதன் பட்டியலில் பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாக அமையாத குறை இடம்பெற்றிருக்கிறது. பிறந்த சில ஆண்டுகளுக்குப் பின் தோன்றும் பெர்தஸ் நோய் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. அரிய நோய் ஒவ்வொன்றையும் பட்டியலில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது உண்மைதான். ஆனால் பல்லையும் கண்ணையும் பார்க்கும் அந்த மருத்துவக் குழு, ஒவ்வொரு பிள்ளையையும் வகுப்பறையின் நீளத்துக்கு ஒருமுறை நடக்கச்சொல்லிப் பார்த்தால், இதுவும் இதுபோன்ற வேறு சில குறைகளும் பிடிபடும்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு எங்கே போவது என்ற கேள்வி எழுகிறது. 2010 முதல் இயங்கிவரும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருப்பதால், விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்தவர்க்கு அதுவே முதல் வாசல். விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரியின் ஜிப்மர் உண்டு. வடக்கே எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை உண்டு. விழுப்புரம் சந்திப்பிலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் ரயிலில் ஏறினால் வேலூர் கன்டோன்மென்டில் இறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகலாம். இந்த வேலூர் மருத்துவமனைக்கும் திண்டிவனத்துக்கும் இன்றைய நோயாளிகள் பலர் அறியாத ஓர் உறவு இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில், மருத்துவ ஊழியரான தந்தையுடன் திண்டிவனத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர், ஆண் மருத்துவர் பார்ப்பதற்குக் குடும்பத்தார் இசையாததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டார். அதன்பின் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய சிகிச்சைக்கூடமே பிற்காலத்தில் சி.எம்.சி.யாக வளர்ந்தது. சிகிச்சைக்காகத் திண்டிவனத்தார் இன்று பயணப்பட்டுப் போகும் இடம் ஒருவகையில் அவர்கள் ஊரிலேயே முளைத்தது.

மருத்துவமனைகள் இருக்கின்றன என்பதால் பாதை எளிதாகிவிடுவதில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; ஊருக்கு ஊர் செல்லும் விரைவுப் பேருந்தில் தாய்க்கு முழுச்சீட்டும் பிள்ளைக்கு அரைச்சீட்டும் எடுத்தாகவேண்டும். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும். கரும்பு வெட்டுக்கும் மணிலாக்கொட்டை ஆய்வதற்கும் மரக்காணத்து உப்பளத்துக்கும் கூலிக்குப் போகும் குடும்பங்களில், நோய்க்காகச் செலவான பணத்தைவிட, நோய்க்காக வேலைக்குப் போகாமல் இழந்த பணமே கூடுதலாக இருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றைக் கொண்டு காப்பீட்டு அட்டையை முதலிலேயே எடுத்துவைத்துக்கொள்வதும், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிவதும் பிற்பாடு அலைச்சலைக் குறைக்கும். பயணச்செலவையும் இழந்த கூலியையும் எந்த அட்டையும் திருப்பித் தருவதில்லை என்பது இந்த ஏற்பாட்டில் உள்ள உண்மையான ஓட்டை.

சிகிச்சையின் அடிப்படை ஒன்றுதான். உயிரிழந்த எலும்பு உடலால் அரிக்கப்பட்டுப் புது எலும்பு உருவாகிக்கொண்டிருக்கும் இடைக்காலத்தில் தொடை எலும்பின் தலை மென்மையாக இருக்கும். அப்போது அது கிண்ணத்துக்குள் முழுமையாக அமர்ந்திருந்தால், அச்சுக்குள் வைத்த ஈரக்களிமண்போலக் கிண்ணத்தின் வடிவத்தையே ஏற்று உருண்டையாக இறுகும். பக்கவாட்டில் பிதுங்கி வெளியே நின்றால் தட்டையாகிவிடும். ஆகவே தலையைக் கிண்ணத்துக்குள் அடக்கிவைப்பதே மருத்துவர்கள் செய்யும் காரியம். உயிரிழத்தல், துண்டாதல், மீண்டும் எலும்பாதல், ஆறி முடிதல் என்று வால்டன்ஸ்ட்ரோம் வகுத்த நான்கு கட்டங்களை, 610 குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களைத் தொடர்ந்து பார்த்த பெஞ்சமின் ஜோசப்பின் குழு 2003இல் மேலும் நுணுக்கமாக ஏழாகப் பிரித்தது. தலை வெளியே பிதுங்குவது துண்டாகும் கட்டத்தின் பிற்பகுதியில் மிகுகிறது என்பதும், எனவே அடக்கிவைக்கும் சிகிச்சையை அதற்கு முன்பே செய்துவிடவேண்டும் என்பதும் அந்த ஆய்விலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடம். நோய் தொடங்கி ஓராண்டு எண்ணெய்த் தேய்ப்பில் கழிந்த குழந்தை மருத்துவமனைக்கு வரும்போது, செய்யவேண்டிய வேளை தாண்டிப்போயிருப்பது இதனாலேயே.

எல்லாக் குழந்தைக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். ஆறு வயதுக்குள் நோய் தொடங்கியவர்களில் பெரும்பாலோர், குதித்து ஓடுவதைக் குறைத்து, இடுப்பின் அசைவைக் காக்கும் பயிற்சிகளைச் செய்து, இடையிடையே படம் எடுத்துக் கண்காணித்தாலே நன்றாகத் தேறுகின்றனர். அமெரிக்க மருத்துவர் ஜான் ஹெர்ரிங் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டு வயதுக்குப் பின் நோய் தொடங்கி, எலும்புத் தலையின் வெளிப்புறத் தூண் பாதியளவு உயரத்தையாவது காத்துக்கொண்ட குழந்தைகளுக்கே அறுவைச் சிகிச்சை தெளிவான பயன் தந்தது. அந்தத் தூண் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் பெரும்பாலும் போதவில்லை. 2008இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வோ, ஆறு வயதைத் தாண்டியவர்களுக்கு எலும்புத் தலையில் பாதிக்கு மேல் உயிரிழந்திருந்தால் தொடை எலும்பு அறுவைச் சிகிச்சை நல்லது என்றது. ஒரு மருத்துவர் அறுக்கவேண்டும் என்றும் இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லும்போது, இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று பெற்றோர் எண்ணிக்கொள்கின்றனர். நேர்மையான மருத்துவர்களே மாறுபடக்கூடிய எல்லைப்பகுதி இந்நோயில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், நான்காவது ஐந்தாவது மருத்துவரைத் தேடி அலைவது குறையும்.

அடக்கிவைப்பதற்கு இரண்டு வழிகள். தொடை எலும்பை அறுத்துக் கோணத்தை உட்புறமாக மாற்றி, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்துவது, அல்லது கனடாவின் ராபர்ட் சால்டர் வகுத்த முறையில் இடுப்பெலும்பின் கிண்ணத்தைத் திருப்பி அமைப்பது என அறுவைச் சிகிச்சை ஒரு வழி. இரு கால்களையும் அகட்டி மாவுக்கட்டுப் போட்டு, இடையில் குறுக்குக்கட்டை ஒன்றைப் பிணைத்து வைப்பது மற்றது. பின்னதைச் செய்துகொண்ட பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் குடும்பம் தன் வீட்டின் அளவைப் புதிதாக அறிகிறது. அகட்டிய கால்கள் பேருந்தின் படியில் நுழையா, ஆட்டோவில் அடங்கா. வாடகைக் காரின் பின்னிருக்கை முழுவதும் அவனுக்கே வேண்டும். வீட்டு வாசற்படியில் பக்கவாட்டாகத் திருப்பித்தான் உள்ளே கொண்டுபோகவேண்டும். குந்தும் கழிப்பறைக்கு அவன் போக முடியாது. படுக்கையிலேயே தட்டு வைத்து எடுக்கவேண்டும், சிறுநீர் கட்டுக்குள் இறங்கிவிடாமல் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை ஒட்டவேண்டும். கத்திரி வெயிலில் கட்டுக்குள் அரிப்பு எடுக்கும்போது துடைப்பக் குச்சியையோ பின்னல் ஊசியையோ உள்ளே விட்டுச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது நடக்கக்கூடியது. மின்விசிறிக் காற்றும், கட்டின்மேல் மெல்லத் தட்டிவிடுதலும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் அரிப்பு மருந்துமே பாதுகாப்பானவை. விரல்கள் நீலம்பாய்ந்தாலோ வீங்கினாலோ மரத்துப்போனாலோ, கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே போகவேண்டும்.

கட்டுப் பிரித்த பின்னர் வரும் காலமே நீளமானது, பொறுமையை மிகுதியாகக் கேட்பது. இந்நோய் வரும் பிள்ளைகளில் பலர் இயல்பிலேயே துறுதுறுப்பானவர்கள் என்று மருத்துவ நூல்களும் குறிப்பிடுகின்றன. அவர்களை ‘ஓடாதே, குதிக்காதே’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பது அவர்களுக்கும் துன்பம், சொல்பவர்க்கும் துன்பம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இக்குழந்தைகளை மாதக்கணக்கில், சிலரை ஆண்டுக்கணக்கில், மருத்துவமனைக் கட்டிலிலேயே படுக்கவைத்திருந்தனர். அத்தகைய நெடும் படுக்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. முழுமையான தடையைவிட, எது கூடும் எது கூடாது என்று பிரித்துச் சொல்வதே நடைமுறை. உயரத்திலிருந்து குதித்தலும் கபடியும் ஓட்டப்பந்தயமும் கூடா. சைக்கிள் மிதிப்பதும் நீந்துவதும் மருத்துவர் அனுமதித்த பிறகு மிக நல்லவை. கிணற்றில் நீந்தும் ஊர்களில், படியில் இறங்கி நீந்தலாம், மேட்டிலிருந்து குதிக்கக்கூடாது என்ற அளவுக்குத் தெளிவாகச் சொன்னால் பிள்ளை கேட்டுக்கொள்கிறான். மூத்தவளோ தம்பியோ வீட்டில் இருந்தால், எல்லாருடைய கவனமும் ஒருவன்மேலேயே குவிவதன் ஏக்கம் அங்கே சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும் என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்கவேண்டும்.

பள்ளியைப் பொறுத்தவரை, சிகிச்சைக்காக ஓராண்டை விட்டுவிடலாம் என்ற முடிவைப் பல குடும்பங்கள் தாமாகவே எடுத்துவிடுகின்றன. பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் உள்ளனர்; வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. தலைமையாசிரியரிடம் மருத்துவரின் குறிப்பைக் காட்டிக் கேட்டால், வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதும், தரையில் உட்காராமல் பெஞ்சு தருவதும், விளையாட்டு வேளையில் மதிப்பெண் குறிக்கும் பொறுப்பைக் கொடுத்து அவனைத் திடலிலேயே வைத்துக்கொள்வதும் செலவில்லாத உதவிகள். ‘நொண்டி’ என்ற பட்டப்பெயர் வகுப்பில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே ஆசிரியர் மற்ற பிள்ளைகளிடம் நோயைப்பற்றிச் சொல்லிவிடுவது அவற்றுள் முதலில் செய்யவேண்டியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு இருந்தால் சான்று பெறலாம் என்றாலும், பெர்தஸ் நோய் காலத்தோடு மாறக்கூடியது என்பதால் அளவை மருத்துவக் குழுவே தீர்மானிக்கும். சான்று வாங்கினால் பிள்ளைக்கு நிரந்தரமாக முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சி ஒதுங்குவதில் பொருளில்லை.

காத்திருக்கும் குடும்பத்தின் கையில் இருக்கவேண்டிய ஒரு பொருள் எக்ஸ்ரே படங்களின் கட்டு. இந்நோயில் ஒரு தனிப்படம் சொல்வது குறைவு. மூன்று நான்கு மாத இடைவெளியில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் தலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பிதுங்குகிறதா, கூடுகிறதா என்பது தெரியும். துண்டாகும் கட்டத்தில் படம் மிக மோசமாகத் தோன்றும். முன்பைவிடக் கெட்டுவிட்டதே என்று பெற்றோர் இடிந்துபோவது அப்போதுதான். அது நோய் தன் வழியில் போவதன் அடையாளம், அதற்கடுத்து எலும்பு கூடத் தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால், அந்த மாதங்களில் சிகிச்சையைக் கைவிட்டு வேறிடம் ஓடுவது நேராது. ஒவ்வொரு வருகையிலும் ‘இப்போது இந்தக் கட்டம், அடுத்து இது, அடுத்த தேதி இது’ என்று மூன்று வரியைத் தமிழில் நோட்டில் எழுதிக்கொடுப்பது நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் செய்யக்கூடியதே.

எலும்பு ஆறி முடிந்த பின்னரும் வளர்ச்சி நிற்கும்வரை, அதாவது பதினாறு பதினேழு வயதுவரை, ஆண்டுக்கொருமுறையாவது பார்த்துக்கொள்வது முறை. பாதிக்கப்பட்ட கால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாக நின்றுவிட்டால் செருப்புக்குள் அட்டை வைத்துச் சரிசெய்யலாம். வைத்த தகட்டைப் பின்னொரு நாளில் எடுக்கவேண்டியிருக்கலாம். தலை உருண்டையாக ஆறியவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் தொல்லை வராமலே போகலாம். ஓரளவு தட்டையாக ஆறியவர்களும் இளமையிலும் நடுவயதிலும் வலியின்றி உழைக்கின்றனர். ஐம்பது வயதையொட்டி மூட்டுத் தேய்மானம் தொடங்கினால், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது அந்தப் பிள்ளையிடம் பேசவேண்டியது, மூட்டை தூக்குவதும் நாளெல்லாம் நின்றபடி செய்வதுமான வேலைகளை விட்டு, அவன் விரும்பும் படிப்பு எது என்பதைப் பற்றியே. திண்டிவனத்தில் மின்பணி கற்கலாம், விழுப்புரத்தில் கல்லூரி சேரலாம், வண்டி ஓட்டலாம்; காவல்துறை, இராணுவத் தேர்வுகளின் உடற்தகுதி விதிகளை மட்டும், அவற்றிலேயே நெஞ்சை வைத்துவிடுவதற்கு முன்னர், மருத்துவரோடு அமர்ந்து படித்துப் பார்த்துவிடுவது நல்லது.